கழுத்துக் கட்டியின் பொய்க் கூச்சல்

என் கழுத்தின் மீது ஆணை. இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் இந்தக் கழுத்தை வெட்டலாம். ஏற்கெனவே ஒருமுறை வெட்டியிருக்கிறார்கள், தழும்பு இருக்கிறது.

எண்பத்தொன்பதாம் ஆண்டு. கண்டியில் ஊரடங்கும் வதந்தியும் முறை வைத்து வந்த காலம். பேராதனைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் சதைத் துண்டுகளுக்குச் சாயம் ஏற்றுவது என் வேலை. அந்த மாதம் சாயமேறிய துண்டுகளில் ஒன்று என்னுடையது. காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. அலவத்துகொட ஊர் டொக்டர் பளீல் அதில் ஒரு துளி கிள்ளியெடுத்திருந்தார்.

"புற்றுநோய்தான், அம்பிகைபாகன். வெள்ளிக்கிழமை வெட்டுவோம். அதுக்குள்ள பரவாம இருந்தா தப்பிச்சீங்க."

வெள்ளிக்கு மூன்று நாள் கிடந்தது. நான் சாயமேறிய என் துண்டை நுணுக்குக்காட்டியின் கீழே வைத்துக் கண்ணைப் பதித்தேன்.

கட்டியின் கலங்கள், அதாவது செல்கள், "நெருப்பு! நெருப்பு!" என்று கத்திக்கொண்டிருந்தன. நெருப்பு எங்குமில்லை. அழற்சி என்று டொக்டர்மார் சொல்வது இந்தக் கூச்சலைத்தான். கேட்டதும் உடம்பின் காவல்காரர், அதாவது வெண்குருதிக் கலங்கள், ஓடி வந்தார்கள். கட்டி அவர்களைக் கதிரை போட்டு இருத்திப் பிளேன்ரீ கொடுத்தது. குடித்தவர்கள் நன்றி மறவாதவர்கள். கட்டிக்கு இரத்தம் வர ரோட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். போதாக்குறைக்கு ஒரு சோதனைச் சாவடி. கட்டியைக் கொல்ல வந்த அசல் வீரர்களை மறித்து அடையாள அட்டை கேட்டார்கள். பாவம், அவர்களும் வரிசையில் நின்றார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை.

"டேய், நெருப்பு ஒண்டும் இல்லையடா! தேத்தண்ணி முடிஞ்சுது, வீட்டை போங்கோடா!"

டொக்டர் எட்டிப் பார்த்தார். "யாரோட கதைக்கிறீங்க?"

"என்ர ஆக்களோட, டொக்டர்."

"சொன்னதக் கேக்கிறாங்களா?"

"அரசாங்க உத்தியோகத்தர் மாதிரி இருக்கினம். மூண்டு தரம் சொல்ல வேணும்."

மூன்றாம் தரம் எழும்பினார்கள். சாவடி காலி. அசல் வீரர்கள் உள்ளே பாய்ந்தார்கள்.

வெள்ளிக்கிழமை என் கழுத்தைத் திறந்த டொக்டர் நெல்லிக்காயைத் தேடினார். மிளகளவில் ஏதோ கிடந்தது. எடுத்தார், தைத்தார். கட்டி இன்றுவரை திரும்பவில்லை. வெட்டியது அவர், வென்றது நான்.

நுணுக்குக்காட்டிக்குப் போகும் சதையை, அழுகாமலிருக்க, முந்திய நாள் முழுக்கப் போமலினில் ஊறப்போடுவதும் என் வேலைதான். அதில் ஒரு கலமும் உயிரோடு மிஞ்சுவதில்லை.