தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே சீனியம்மாள் ஒரு படி தவிட்டைத் துணியில் முடிந்து பைக்குள் வைத்துக்கொண்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே ஒரு படித் தவிட்டுக்குத்தான் பெற்ற பிள்ளை ஐயாதுரையை நாத்தனார் ரத்தினத்துக்கு விற்றிருந்தாள். இன்றைக்கு அதைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும்.

விற்றாள் என்றதும் யாரும் பதற வேண்டாம். பிள்ளை நோஞ்சானாக இருந்தால், பெற்றவளின் தோஷம் என்று சொல்லி இன்னொருத்திக்குத் தவிட்டுக்கு விற்பதும், பொழுது சாயும் முன் திரும்ப வாங்கிக்கொள்வதும் அந்தப் பக்கத்துச் சடங்கு. அரை நாள் விளையாட்டு. சீனியம்மாள் விஷயத்தில்தான் அது விளையாட்டாக முடியவில்லை.

ஐயாதுரைக்கு நாலு வயசாகியும் ஒரு சொல் வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். முகத்தைப் பார்க்க மாட்டான். தூக்குவாளி மூடியைத் தரையில் சுழலவிட்டு, அது ஓய்ந்தால் மறுபடி சுழலவிட்டு, நாள் முழுக்க அதிலேயே கிடப்பான். தலை சீவப் போனால் வீடே இரண்டுபட அலறுவான். ராஜபாளையத்தில் அவள் துணி வெட்டப் போகும் பேண்டேஜ் கம்பெனியில் இதற்கு உடனே காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். அவள் ஏழு மாசமாக இருந்தபோது கிரகணம் வந்தது. ஆர்டர் அவசரம் என்று அன்றைக்கும் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல் வேலை பார்த்தாள்.

"அன்னிக்கே சொன்னேன், இவ கேட்டாளா?" என்றாள் சுடலையம்மாள். அன்றைக்கு அவளும் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வார்த்தை சொன்னவளில்லை.

ஜோசியரும் அதையே பிடித்துக்கொண்டார். "தோசம் பெத்தவ கையில இருக்கு. அரை நாள்ல போகாது. ஏழு வயசு முடியுற மட்டும் பிள்ளை வேற வீட்டுல வளரட்டும். நீ பாக்கப் போகலாம், ஆனா அம்மான்னு சொல்லிக்கிடக் கூடாது. பொறவு வாங்கிக்கோ. வாய் நெறைய அம்மாங்கும்." அந்த மனுஷனுக்கு என்ன, வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த ரத்தினத்துக்குப் பிள்ளையில்லை. ஒரு படித் தவிட்டைச் சீனியம்மாளின் முந்தானையில் கொட்டிவிட்டு, பிள்ளையை வாங்கிக்கொண்டாள். சீனியம்மாள் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய், பெற்ற பிள்ளை முன்னால் "சின்னம்மா வந்திருக்கேன்" என்று நிற்பாள்.

ஆறு வயசில் ஒருநாள் அவன் வாய் திறந்தான். ரத்தினம் சோற்றுத் தட்டோடு வர, தட்டைப் பார்த்தபடியே "அம்மா" என்றான். சீனியம்மாளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரியும் இருந்தது, அந்தச் சொல் ரத்தினத்துக்குப் போனது பொறுக்கவும் இல்லை. ஜோசியர் சொன்னது பலித்துவிட்டதே. இன்னும் ஒரு வருஷம். வாங்கிவிட்டால் அந்தச் சொல் தனக்கு வந்துவிடும் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் ஒரு வருஷத்தை ஓட்டினாள்.

பள்ளிக்கூடத்து வாத்தியார், ஒருதரம் மதுரையில் காட்டிவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். அதையும் முடித்துவிட்டு அப்படியே பிள்ளையை ராஜபாளையத்துக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வெகுநேரம் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார். பிறகு, "அம்மாகிட்ட போ" என்றார். ஐயாதுரை எழுந்து நேராக ரத்தினத்தின் மடியில் போய் உட்கார்ந்தான்.

"நீங்கதான் அம்மாவா?"

ரத்தினம் தலையைக் குனிந்துகொண்டாள். சீனியம்மாள்தான் கிரகணத்திலிருந்து தவிடு வரை ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.

"கத்தரிக்கோலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. பிறவியிலேயே சில பிள்ளைங்க மூளை வளர்ச்சி இப்படி இருக்கும். ஆட்டிசம்னு பேரு. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. இவனுக்குப் பேச்சு வர்ற நேரத்துல வந்திருக்கு, தவிட்டால வரல." ஏழு வருஷமாக ஒருத்தரும் சொல்லாத சொல். சீனியம்மாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா நிறுத்தாமல் தொடர்ந்தார். "ஆனா ஒண்ணு. இவனுக்குப் பழகுன இடம், பழகுன ஆளு, அதுதான் பிடிமானம். இப்ப திடீர்னு வீட்டை மாத்தாதீங்க. வந்த பேச்சும் நின்னு போகலாம்."

திரும்புகிற பஸ்ஸில் மூவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்கு ஜன்னலோரம், நடுவில் ரத்தினம். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றது. ரத்தினம் எழுந்திருக்கவில்லை. பிள்ளையை இறுக்கிப் பிடித்திருந்த கையை மட்டும் மெல்ல எடுத்துக்கொண்டாள்.

"ஏட்டி, நான் மட்டும் எறங்கிக்கிடுதேன். நீ கூட்டிட்டுப் போ. பேசுனது பேசுனதுதான். ரெண்டு நாள் அழுவான், பொறவு பழகிக்கிடுவான்."

சீனியம்மாள் பிள்ளையைப் பார்த்தாள். வெளியே தெரிந்த கடைகளைப் பார்த்ததும் அவன் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டான். அவன் வீடு வந்துவிட்டது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவன் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிடலாம் என்று அவளுக்கு வெறியே வந்தது. பெற்றவள் அவள்தானே, யார் கேட்க முடியும்?

"எறங்குங்க மதினி," என்றாள். "அவன் சாப்பிடுற நேரம்."

"நெசமாவா சொல்லுத?"

"கண்டக்டர் விசில் அடிக்கப் போறாரு. எறங்குங்க."

இறங்கினார்கள். ஐயாதுரை திரும்பிப் பார்க்கவில்லை. ரத்தினம்தான் பஸ் கிளம்பிப் போகிற வரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ராஜபாளையத்தில் அவள் புருஷன் காளிராஜ் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, பிள்ளை வருகிறான் என்று வீட்டைக் கழுவிவிட்டு வாசலில் நின்றிருந்தான். வீட்டுக்குள் சின்னத் தட்டில் இட்லி எடுத்து வைத்திருந்தான். தெருமுனையில் அவள் தனியாக வருவதைப் பார்த்ததும் செருப்புக்கூடப் போடாமல் எதிரே ஓடினான்.

"பிள்ளை எங்கட்டி?"

"அவுக அம்மாகூட எறங்கிட்டான்."

காளிராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. "டாக்டர் என்ன சொன்னாவ?"

சீனியம்மாள் நடுத்தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எம்மேல ஒரு குத்தமும் இல்லையாம்," என்று சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.