ஒரு நிமிட இருட்டு

எங்கள் கல்லூரிப் படத்துக்கு ஒரு நிமிட ட்ரெய்லர் எப்படி இருக்க வேண்டும் என்று பேச உட்கார்ந்தோம். இயக்கம் நான், கேமரா என் தோழி, கதாநாயகன் என் தம்பி. படமே அவனைப் பற்றியதுதான். தனியாக வயலின் வாசித்தால் வீடே சொக்கிப்போகும். கேமரா தன்னைப் பார்க்கிறது என்றால் மட்டும் கையில் வில் நடுங்கும்.

"கொட்டுற மழையில நனைஞ்சுக்கிட்டே வாசிக்கட்டும்டி" என்றாள் தோழி.

"வயலின் நனைஞ்சா நீயா வாங்கித் தருவே?" என்று எரிந்து விழுந்தேன். "முதல்ல இந்த ரூம்லயே வாசிக்கட்டும். ஒரு தடவை எடுத்துப் பாப்போம்."

தம்பி கட்டிலில் உட்கார்ந்து கேமராவை ஒருமுறை உற்றுப் பார்த்தான். பிறகு வாசித்தான் பாருங்கள்! கூடப் பிறந்த நானே அப்படிக் கேட்டதில்லை.

போட்டுப் பார்த்தால் கும்மிருட்டு. சத்தம் மட்டும் வருகிறது. லென்ஸ் மூடியைக் கழற்றவே இல்லை!

"ஸ்க்ரீனைப் பாக்கவே இல்லியாடி?"

"கேக்கக் கேக்கக் கண்ணை மூடிட்டேண்டி."

"எனக்குத் தெரியும்க்கா" என்றான் தம்பி. "மூடி இருந்துச்சு. அதான் வாசிச்சேன்."

வந்த கோபம் பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. ட்ரெய்லர் கிடைத்துவிட்டதே! முழுக்க இருட்டு, அதில் அவன் வாசிப்பு. கடைசியில் மூடியைக் கழற்றினால் அவன் திடுக்கிட்டு நிறுத்த வேண்டும்.

அப்படியே மறுபடி எடுத்தோம். தோழி மூடியைக் கழற்றினாள். தம்பி நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி வாசித்துக்கொண்டே போனான். வில் நடுங்கவில்லை.

நடுங்கியது கேமராதான்.