சுரங்கத்துக்குப் பக்கத்து வீடு

சாத்தூரில் அந்தத் தெருவுக்கு அடியில், குடிநீர்க் குழாய்க்காக இரண்டு ஆள் உயரத்துக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வேல்விழி அங்கே இன்ஜினீயர். சுரங்கத்துக்கு நேர் மேலே இருந்த பொன்னுத்தங்கத்தின் வீட்டை, வேலை முடியும்வரை காலி செய்யச் சொன்னவள் அவள்தான். தீப்பெட்டிக் கம்பெனி வேலைக்குப் போகும் பொன்னுத்தங்கம், அங்கே பயமில்லை என்று வேல்விழி சொன்னதை நம்பி, இரண்டு வீடு தள்ளி இருந்த ஆசியா பீவியின் வீட்டுக்குச் சட்டி பானையோடு போய்ச் சேர்ந்தாள்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்குத் தரை உலுக்கியது. தெருவே வெளியில் ஓடிவந்து வானத்தைப் பார்த்தது.

"எந்தப் பட்டாசுக் கம்பெனில வெடிச்சிருக்குலே?" என்று யாரோ கத்தினார்.

எந்தத் திசையிலும் புகை இல்லை. நிலநடுக்கம் என்று வேல்விழிக்குப் புரிந்தது. சுரங்கத்தில் இருந்த ஆட்களை மேலே வரவழைத்தாள். ஒருவரும் விடுபடவில்லை என்று தெரிந்த பிறகுதான், இரண்டு வீடுகளிலும் வைத்திருந்த அதிர்வுமானிகளின் அளவை ஃபோனில் பார்த்தாள். பொன்னுத்தங்கத்தின் காலி வீட்டில் நான்கு. ஆசியா பீவியின் வீட்டில் பதினொன்று, ஏறக்குறைய மூன்று மடங்கு.

கீழிருந்து ஏறிவந்த அதிர்வைச் சுரங்கத்தின் வெற்றிடம் மறித்திருக்கிறது. மறிபட்டது பக்கவாட்டில் திரும்பி, தள்ளியிருந்த வீட்டைக் கூடுதலாக ஆட்டியிருக்கிறது. ஆபத்தில்லாத வீட்டிலிருந்து ஆபத்தான வீட்டுக்கு அவளே ஆளை அனுப்பியிருக்கிறாள்.

ஓடினாள். அதற்குள் சனங்கள் வீடு திரும்பியிருந்தார்கள். ஆசியா பீவியின் முன்னறைச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். அதற்குக் கீழேயே பொன்னுத்தங்கம் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, பீவிம்மா, வெளிய வாங்க!"

பொன்னுத்தங்கம் அசையவில்லை. "நீங்கதான மேடம் இங்கன இருந்தா பயமில்லன்னு சொன்னீக?"

"தப்பாச் சொல்லிட்டேன்க்கா. ஒங்க வீட்டவிட இங்கதான் ஆட்டம் சாஸ்தி. இன்னொரு தடவ வந்தா இந்தச் சுவரு நிக்காது."

ஆசியா பீவி அடுப்பை அணைத்தாள். "ஏத்தா, அந்தப் பிள்ள மொகத்தப் பாரு. எந்திரி" என்று பொன்னுத்தங்கத்தின் கையைப் பிடித்து இழுத்தாள்.

மூவரும் நடுத்தெருவில் நின்றார்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ஒன்றும் நடக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் சிரித்தார்.

"ரேசன் கார்டாவது எடுத்துட்டு வந்துருதேன்" என்று பொன்னுத்தங்கம் நகர்ந்தாள். வேல்விழி குறுக்கே போய் வாசல் நிலையை இரண்டு கைகளாலும் பிடித்து மறித்துக்கொண்டாள்.

"வழிய விடுங்க மேடம்!"

"விட மாட்டேன்."

சொல்லி வாய் மூடவில்லை, கையடியில் நிலை நடுங்கியது. பொன்னுத்தங்கத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தெருவுக்குத் தாவினாள். பின்னால் முன்னறைச் சுவர் மடமடவென்று உள்பக்கம் சரிந்தது. புழுதி அடங்கியபோது, பொன்னுத்தங்கம் உட்கார்ந்திருந்த இடத்தில் இடுப்பளவுக்குச் செங்கல் கிடந்தது.

ஆசியா பீவி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டையே பார்த்தாள். அந்தப் பார்வையை வேல்விழியால் தாங்க முடியவில்லை.

மேலதிகாரிக்கு ஃபோன் செய்தாள். "சார், சுரங்கத்துக்கு மேல உள்ள வீடுக மட்டும்னு நாம போட்ட லிஸ்ட் தப்பு. பக்கத்து வீடுகளயும் இப்பவே காலி பண்ணணும்."

"எழுத்துல குடுத்தா நம்ம தலைலதாம்மா விடியும்."

"குடுக்கேன் சார்" என்றாள். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.