நாலரையும் ஒன்றும்

விவேகானந்தன் மாஸ்டரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனதற்கு, உள்ளதைச் சொன்னால், அவருடைய கணக்குத்தான் காரணம். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, வடக்கில் சண்டை மூண்டு கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து ஒரு யாழ்ப்பாணத்து மனுசன் கையில் இடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவியோடு மலைநாட்டுக் கட்டுகஸ்தோட்டை ஆற்றங்கரைப் பற்றைக்குள் தவழ்ந்தால், பிடிக்காமல் மாலையா போடுவார்கள்?

அவர் தேடியது ஒரு பெட்டி. வெளிநாட்டுக்காரர் ஒருவர் அதை ஒளித்துவைத்து, இருக்கும் இடத்தின் எண்களை இணையத்தில் போட்டிருந்தார். கண்டுபிடிப்பவர் உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டுத் திரும்ப அங்கேயே வைக்க வேண்டும். பரிசும் கிடையாது, பாராட்டும் கிடையாது. “வேலைவெட்டி இல்லாத விளையாட்டு” என்று மனைவி லீலாதேவி ஆறு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தாள்.

பொலிஸ் நிலையத்துக்கு அவள் ஓடியபோது மணி ஒன்றேகால். தமிழ் பேசத் தெரிந்த சார்ஜன்ட் மக்கீன் அவளைக் கதிரையில் இருத்தினார்.

“தங்கச்சி, பெட்டி தேடினேன்னு சொல்றாரு. பத்தையெல்லாம் வெட்டிப் பாத்தாச்சி, ஒண்டுமில்ல. ஸ்டேஷன் பெரியவரு நம்புறாரில்ல. மூணு மணிக்குக் கொழும்புல இருந்து ஜீப் வருது.”

ஜீப்பில் ஏற்றிவிட்டால் மனுசன் எப்போது வருவார், வருவாரா என்றுகூட யாரும் சொல்ல மாட்டார்கள். லீலாதேவி கதிரையை விட்டு எழுந்தாள்.

“அவரிட்டை இருந்த கடுதாசியை ஒருக்கால் காட்டுறீங்களோ?”

காட்டினார். இணையத்தில் இருந்து அச்செடுத்த பெட்டி விபரம்: அளவு மைக்ரோ, கடினம் நாலரை, நிலம் ஒன்று. ஓரத்தில் மாஸ்டரின் முத்து முத்தான எழுத்தில் ஒரு கணக்கு: நாலரையும் ஒன்றும் ஐந்தரை, இரண்டால் பிரித்தால் இரண்டே முக்கால். சராசரி எடுத்திருக்கிறார்! நடுத்தரக் கஷ்டம் என்று முடிவு கட்டி, நடுச்சரிவில் இறங்கியிருக்கிறார்.

பயம் போய் அவளுக்குக் கோபம் வந்தது. பேராதனை ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருசமாக மருந்து கொடுக்கிறவள் அவள். இரண்டு குளிசை, மூன்று வேளை என்று எழுதியிருந்தால் கூட்டிப் பிரித்து இரண்டரையா கொடுக்கிறது? ஒரு எண் ஒரு கேள்விக்குப் பதில், மற்றது வேறு கேள்விக்கு. இந்த விளையாட்டின் சட்டங்களை மனுசன் சாப்பாட்டு மேசையில் வாசித்து வாசித்து அவளுக்கே பாடமாகியிருந்தது. ஐந்துக்கு நாலரை என்றால் கண்ணில் படாது. நிலம் ஒன்று என்றால் சக்கர நாற்காலியில் போகிறவரும் எட்டி எடுக்கலாம்.

“எவ்வளவு பெரிய பெட்டி தேடினனீங்கள்?”

மக்கீன் இரண்டு கையையும் அகல விரித்தார்.

“மைக்ரோ எண்டால் இவ்வளவுதான் சேர், கமராவுக்குப் போடுற ஃபிலிம் ரோல் வாற டின்.” அவள் கட்டைவிரலைக் காட்டினாள். “அது பற்றைக்குள்ளை இல்லை. நடைபாதையிலைதான் இருக்கு. கூட்டிக்கொண்டு போங்கோ, எடுத்துத் தாறன்.”

கடுதாசியில் இருந்த இடத்தில் ஆற்றோரமாக ஆட்கள் இருக்கிற சீமெந்து வாங்கு ஒன்றும் இரும்புக் கம்பி வேலியும் இருந்தன. துவக்கோடு இரண்டு பொலிஸ்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, அவள் வாங்கின் அடியைத் தடவினாள். யாரோ ஒட்டிய சூயிங்கம்தான் கையில் பட்டது. கம்பி கம்பியாகத் தடவிக்கொண்டு போனாள். மணி இரண்டே கால்.

வேலியின் மேல்குழாய் முனையில் ஒரு கறுப்பு மூடி.

“அத நாங்களும் திருகிப் பாத்தோம், வராது” என்றார் மக்கீன்.

லீலாதேவி மூடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிள்ளைகள் திறக்காதபடி செய்த மருந்துப் போத்தல்களை நாளுக்கு நூறு தடவை திறக்கிற கை அது. வெறுமனே திருகினால் எந்தச் சென்மத்திலும் வராது, அழுத்தித் திருக வேண்டும். அவள் உள்ளங்கையை வைத்ததும் மக்கீன், “தங்கச்சி, பொறுங்க” என்று நாலடி பின்னால் போனார். உண்மையிலேயே குண்டாக இருந்தால்? மூன்று மணி ஜீப்பை நினைத்தாள். அழுத்தித் திருகினாள்.

மூடியோடு ஒரு நூல் வந்தது, நூலோடு ஒரு ஃபிலிம் டின் வந்தது. அதற்குள் சுருட்டிய தாள். மேலே விளையாட்டின் விளக்கமும் ஒளித்தவரின் பெயரும் இருந்தன. கீழே எல்லா வரியும் வெறுமை. இதுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

“பேனை இருக்கோ சேர்?”

பஸ்ஸில் தொலைபேசி அடித்தால் தமிழில் கதைக்கப் பயந்து எடுக்காமல் விடுகிறவள், துவக்குகளுக்கு நடுவே, முதல் வரியில் கொட்டை எழுத்தில் தமிழில் எழுதினாள்: லீலாதேவி. அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பெரியவர் தாளை இரண்டு தரம் வாசித்தார், டின்னை உருட்டிப் பார்த்தார், மாஸ்டரை விடச் சொன்னார். கொழும்பு ஜீப் வெறுமையாகத் திரும்பியது.

வாசலில் மாஸ்டர், உடம்பெல்லாம் சேறு. கண் கலங்கி அவள் கையைப் பிடித்தவர் அடுத்த நிமிசமே கேட்டார்.

“என்ரை பேரையும் போட்டனீரோ?”

“கண்டுபிடிச்ச ஆள்தான் எழுதலாம். உங்கட சட்டம்தானே?”

“சரி, இரண்டாவதாவது நான் எழுதுறன்.”

மறுநாள் டின்னைத் திரும்ப வைக்க, மக்கீனும் சேர்ந்து மூவருமாகப் போனார்கள். மாஸ்டர் ஆசையாகத் தாளை விரித்தார். இரண்டாம் வரியில் நீல மையில் ஒரு பெயர்: சார்ஜன்ட் மக்கீன். மக்கீன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கணக்கு மாஸ்டர் பேனையை வாங்கி மூன்றாம் வரியில் எழுதினார்.