கேஸ் எங்கே போகுது?

ஞாயிற்றுக்கிழமை மதியம், வாயில் சோற்றோடு இருந்தபோதுதான் ஏசி மெக்கானிக்குக்குத் தன் தங்கை மேல் சந்தேகம் வந்தது.

"அண்ணா, பழைய ஏசியைக் கழட்டுறப்போ உள்ள இருக்கிற கேஸ் எங்கே போகும்?"

"காத்துல. வேற எங்கே போகும்?"

அவள் சிரித்துக்கொண்டே எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே படபடவென்று கம்ப்யூட்டர் தட்டும் சத்தம்.

மேடையில் தனி ஆளாக நின்று ஒரு மணி நேரம் சிரிக்கவைப்பது அவள் தொழில். புது நாடகம் பூமி சூடாவதைப் பற்றியது, அதில் அவரவர் பங்கைப் பற்றியது என்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அம்மா வழியாக அது காதுக்கு வந்ததும் அண்ணனுக்கு எங்கேயோ இடித்தது. கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க ஆரம்பித்தான். அவன் தலை தெரிந்தால் ஒத்திகை நின்றுவிடும். ஒருநாள் குளியலறையிலிருந்து அவனுடைய இருமல் கேட்டது. அவனோ கூடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"என்னைப் பத்தி எழுதுறியா?"

"உன்னைப் பத்தி எழுத என்ன இருக்கு?"

இந்தப் பதிலோடு அவனுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போனது.

அவளிடம் சொல்லாமல் டிக்கெட் வாங்கி, கடைசி வரிசையில் ஒரு உயரமான ஆளுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்தான். முதலில் அவள் அவளாகவே வந்தாள்: தயிர் டப்பாக்களைக் கழுவிக் கழுவி அடுக்குபவள், துணிப்பை இல்லாமல் வாசல் தாண்டாதவள். பிறகு சட்டென்று இடுப்பில் கை வைத்து இருமினாள். அவனுடைய இருமல், அவனுடைய நடை.

"காத்துல. வேற எங்கே போகும்?"

அரங்கம் அதிர்ந்தது. பக்கத்து இருக்கை அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க மெக்கானிக்கும் அச்சு அசல் இப்படியேதான்" என்றாள். அவனுக்குக் காது சுட்டது.

மேடையில் அவள் குரல் மாறியது. "ஆனா வீட்ல ஏசி போடச் சொல்லி அவனை நச்சரிச்சது யாரு? நான்தான். கேஸ் எங்கே போகுதுன்னு இத்தனை வருஷமா கேட்டேனா? டப்பா கழுவிட்டு இருந்தேன்."

சிரிப்பு மெல்ல அடங்கியது. அவனுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. முடிந்ததும் நேராக ஒப்பனை அறைக்குப் போனான்.

"நான் வந்ததைப் பாத்துட்டுத்தானே கடைசியில அதைச் சேர்த்த?"

"நீ வந்ததே இப்பதான் தெரியும்."

எழுதி அச்செடுத்த தாள்களை நீட்டினாள். புரட்டிப் பார்த்தான். அவள் பேசியது அப்படியே இருந்தது. தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டான்.

"அது அவ்வளவு கெடுதலா?"

"ஒரு கிலோ கேஸ், ஒரு கார் மாசக்கணக்கா விடுற புகைக்குச் சமம்ணா."

மெக்கானிக் பயிற்சியின்போதே அவனுக்கு இதைச் சொல்லியிருந்தார்கள். கேஸைப் பிடித்து அடைக்க முக்கால் மணி நேரம் ஆகும் என்பதால், வசதியாக மறந்துபோயிருந்தான். எத்தனை மொட்டைமாடிகளில் 'புஸ்'ஸென்று திறந்துவிட்டிருக்கிறான்!

மறுநாள் கடையில் தூசி படிந்து கிடந்த, கேஸை உறிஞ்சி எடுக்கும் இயந்திரத்தையும் காலி சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு ஒரு வீட்டில் பழைய ஏசியைக் கழட்டப் போனான். இயந்திரம் உறுமிக்கொண்டே இருந்ததைக் கேட்டு வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார்.

"போன தடவை பத்து நிமிஷத்துல முடிச்சீங்களே? கேஸைப் பிடிச்சு எங்கே கொண்டுபோறீங்க, விக்கிறதுக்கா?"

"காத்துல விடக்கூடாதுங்க. கடையில சேர்த்துடுவோம்."

"திடீர்னு என்ன?"

"என் தங்கச்சி நாடகம் போட்டா."

வீட்டுக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கீழே போய் ஒரு நாற்காலி எடுத்துவந்து, சிலிண்டருக்கு எதிரிலேயே போட்டு உட்கார்ந்துகொண்டார்.