சிறிதரனின் சேஃப்டி பட்டன்

ஒரு குடும்பத்தின் மானத்தைக் காப்பது, கடைசியில், ஆயுதம் ஏந்திய ஓர் ஆணின் கைதான். சரித்திரம் நெடுகிலும் இதுதான் நடந்திருக்கிறது. மெல்பேர்னில் டண்டினொங்குக்குக் கிழக்கே பத்து ஏக்கரில் லீக்ஸும் கரட்டும் பயிரிட்டு வந்த ஓய்வுபெற்ற இன்ஜினியர் சிறிதரனின் கை ஒரு பழைய பம்ப் துப்பாக்கியை ஏந்தியிருந்தது. தவறிச் சுடாமல் விசையைத் தடுக்கும் அதன் சேஃப்டி பட்டன் உடைந்திருந்தது.

உடைத்தவரும் அவரே. முயல் தொல்லைக்கென்று முறைப்படி லைசன்ஸ் எடுத்து வாங்கிய துப்பாக்கி. ஒவ்வொரு சரசுவதி பூசைக்கும் மண்வெட்டி, ட்ராக்டர் திறப்பு, லேப்டொப் வரிசையில் அதையும் கிடத்திச் சந்தனம் பூசுவார். விசைக்குப் பக்கத்தில் இருந்த பட்டன் பொட்டு வைக்கவென்றே செய்ததுபோல வட்டமாக இருந்ததால், பொட்டு எப்போதும் அங்கேதான். வருடா வருடம் சந்தனம் உள்ளே இறங்கிச் சீமெந்தாக இறுகியது. ஒருநாள் பட்டன் அசைய மறுத்தது. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். பாதிப் பட்டன் லீக்ஸ் பாத்திக்குள் போய் விழுந்தது.

அது ஒரு பெரிய பாக்கியம் என்பது பிறகுதான் அவருக்குப் புரிந்தது. "சேஃப்டி மட்டும் சரியா இருந்தால் ஒரு முயல் மிஞ்சாது. என்ன செய்யிறது, பொறுப்பில்லாமல் சுடேலாதே," என்று கலியாண வீடுகளில் பெருமூச்சு விடுவார். கேட்பவர்கள் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். அந்தத் துப்பாக்கியால் அவர் ஒருநாளும் சுட்டதில்லை என்பது மனைவி யோகராணிக்கு மட்டும் தெரியும்.

மகள் தர்ஷனாவுக்கு சிட்னியில் கிரவீன் பகுதிப் பையன் நரேன் என்று முடிவானதும், பையனின் தகப்பன் கல்யாணசுந்தரத்திடமும் போனில் அதே பெருமூச்சை விட்டார். அவர் திருச்சிக்காரர். கல்லூரியில் என்.சி.சி.யில் துப்பாக்கி பிடித்தவர். அதைப் பற்றிப் பேசுவதை இன்னும் நிறுத்தாதவர்.

சனிக்கிழமை தோட்டம் பார்க்க வந்த அந்தச் சம்பந்தி ஒரு தாம்பூலத் தட்டை நீட்டினார். வெற்றிலை, பழம், மல்லிகைப்பூ. நடுவில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பை.

"பிரிச்சுப் பாருங்க சம்பந்தி! உங்க துப்பாக்கி மாடலுக்கே ஆர்டர் பண்ணி வாங்கின பட்டன். இன்னிக்கு நீங்க முயல் அடிக்கிறதப் பாக்காம நான் கிளம்புறதா இல்ல."

சிறிதரன் பையைப் பிரிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு காலம் கட்டிக் காத்த பெயர் இன்றோடு சரி.

"உதைக் கடையிலை குடுத்துத்தான் பூட்டவேணும். ரெண்டு கிழமை எடுக்கும்."

"நீங்க இன்ஜினியர் சம்பந்தி! ஒரு பட்டன் மாட்டக் கடைக்கா போவீங்க?"

இன்ஜினியர் பட்டம் கடைக்குப் போக விடவில்லை. சிறிதரன் துப்பாக்கியைக் குசினி மேசையில் கிடத்திக் கழற்றினார். ஒரு ஸ்பிரிங் பறந்துபோய்ப் பருப்புச் சட்டிக்குள் விழுந்தது. யோகராணி அகப்பையால் துழாவி எடுத்து நீட்டினாள்.

"கழுவிப்போட்டுப் பூட்டுங்கோ. நல்லகாலம், சாப்பிடேக்கை பல்லிலை கடிபடேல்லை."

புதுப் பட்டனின் ஒரு முனையில் சிவப்பு வளையம். சுடத் தயாரானால் அந்த முனை வெளியே தெரியும், தடுத்துவைத்தால் மறுமுனை. சிறிதரனால் இதைப் பொறுக்க முடியவில்லை. ஓய்வு பெறும்வரை மெல்பேர்ன் சந்திகளுக்குச் சிக்னல் விளக்குப் பொருத்தியவர் அவர். சிவப்பு என்றால் நில். சம்பந்தி வெளியே பூசணி பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பட்டனைப் பூட்டி, அந்த வளையத்தைக் கறுப்பு மார்க்கரால் மறைத்து, மறுமுனையில் தர்ஷனாவின் சிவப்பு நகப்பூச்சைத் தடவி, துப்பாக்கி செய்தவனின் பிழையைத் திருத்தினார்.

எல்லோரும் தோட்டத்துக்கு வந்தபோது கரட் பாத்தியில் ஒரு கொழுத்த முயல் இருந்தது. அது ஓடிவிடட்டும் என்று சிறிதரன் இரண்டு தரம் பலமாக இருமினார். முயல் நிமிர்ந்து பார்த்துவிட்டு மென்றது. தர்ஷனா போனில் வீடியோ எடுக்கத் தொடங்க, சிறிதரன் துப்பாக்கியைத் தூக்கினார்.

"ஐயோ, சிவப்பு தெரியுது!" கல்யாணசுந்தரம் பாய்ந்து யோகராணியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். "கீழ பிடிங்க சம்பந்தி, வெடிச்சிரும்!"

"வெடிக்காது. சிவப்பு எண்டால் நில்."

"துப்பாக்கில சிவப்புன்னா சுடும்ங்க! நான் என்.சி.சி.ல..."

"எந்தச் சந்தியிலையும் போய்க் கேட்டுப் பாருங்கோ, சிவப்புக்கு என்ன அர்த்தமெண்டு."

"சந்தியில எவன் சார் துப்பாக்கியோட நிக்கிறான்?"

சம்பந்தி 'சார்' ஆகிவிட்டதை எல்லோரும் கவனித்தார்கள்.

"அப்பா, ஜஸ்ட் ஷூட், ஓர் டோன்ட்," என்றாள் தர்ஷனா.

"அது ஒரு வரிசை முடிச்சிட்டுது," என்றாள் யோகராணி.

இனி இருமிப் பயனில்லை. சிறிதரன் பட்டனை அழுத்தினார். சிவப்பு உள்ளே போனது. கால்களை அகட்டி, துப்பாக்கிக் கட்டையைத் தோளில் புதைத்து, இரண்டு கண்களையும் இறுக மூடி, பிள்ளையாரை நினைத்து விசையை இழுத்தார்.

டிக்.

முயல் அடுத்த வரிசைக்குப் போனது.

சிறிதரன் கண்ணைத் திறந்து பட்டனைப் பார்த்தார். அதில் ஒரு குறையும் இல்லை. கல்யாணசுந்தரம் யோகராணியின் தோளுக்கு மேலால் மெல்ல எட்டிப் பார்த்தார்.

"தோட்டா போட்டீங்களா சம்பந்தி?"

சிறிதரன் யோகராணியைப் பார்த்தார். யோகராணி கரட்டைப் பார்த்தாள்.

துப்பாக்கி வாங்கிய நாளிலிருந்து அவர் தோட்டா வாங்கியதே இல்லை.