ஹார்லன் சங்கத் தலைவரின் சேஸிஸ்

ஆர்வில் ஸ்டாடர்ட் ஹார்லன் லாரி ஆலையில் சேஸிஸ் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இண்டியானாவில் அவர்கள் ஊரை ஓர் ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்குக் கரையில் ஹார்லன் ஆலை, மேற்குக் கரையில் டிரம்மண்ட் ஆலை. இரண்டுக்கும் பூட்டுப் போட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் யாரையாவது புதிதாகப் பார்த்தால் அந்த ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது, “நீங்க எந்தக் கரை?” என்பதுதான். ஆர்விலின் மனைவி வெர்னா மேற்குக் கரைக்காரி. அவளைக் கட்டிக்கொண்டதே தன் பெருந்தன்மை என்று ஆர்வில் நினைத்திருந்தார். அவளும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தாள்.

ஓய்வு பெற்றதும் அவர் பழைய வீட்டு வண்டி ஒன்றை வாங்கினார். எழுபதுகளின் தொடக்கத்தில் செய்தது. உள்ளே அடுப்பு, கட்டில், குளிக்கும் அறை எல்லாம் உண்டு. வெளியே ஆரஞ்சுப் பட்டை போட்ட தகர உடம்பு. அந்தக் காலத்தில் லாரிக் கம்பெனிகள் சேஸிஸை, அதாவது இன்ஜினும் சக்கரமும் பூட்டிய அடிச்சட்டத்தை, மட்டும் விற்கும். அதன் மேல் வேறொருவர் வீட்டைக் கட்டுவார். ஸ்டீயரிங் நடுவில் ஹார்லனின் குதிரைத் தலைச் சின்னம் இருந்தது. விற்ற அம்மாவும், “ஹார்லன்னு என் புருஷன் சொல்லிக்கிட்டே இருப்பார்,” என்றாள். அதற்கு மேல் ஆர்வில் எதையும் பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கான சேஸிஸ்களுக்கு அடியில் படுத்து எழுந்த மனிதர் சொந்த வண்டிக்கு அடியில் மட்டும் படுக்கவில்லை. தெரிந்த விஷயத்தை யாராவது போய்ச் சரிபார்ப்பார்களா?

அதோடு நிற்காமல், ஹார்லன் சேஸிஸ் மேல் கட்டிய வீட்டு வண்டிகளுக்கென ஒரு சங்கமும் தொடங்கி, தானே தலைவரானார். டிரம்மண்ட் வண்டிக்கு அனுமதி இல்லை என்பதுதான் முதல் விதி. ஹார்லன் உதிரிகள் எங்கே கிடைத்தாலும் வாங்கி வண்டியின் பின்பக்கச் சாமான் அறையில் அடுக்கினார். பிரேக் டிரம், ஸ்பிரிங் பட்டை, அச்சு, எல்லாம் வார்ப்பிரும்பு.

“வழியில ஏதாவது ஒடஞ்சா என்ன பண்றது?” என்பார்.

“ஒடையறதுக்கே இவ்வளவு ஏத்தி வச்சிருக்கியா?” என்பாள் வெர்னா.

அந்தக் கோடையில் சங்கத்தின் ஆண்டுக்கூட்டம் அவருடைய ஊர்த் திடலிலேயே நடப்பதாக இருந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பு வண்டியின் பின்பக்கம் தொங்க ஆரம்பித்தது. கதவு சாத்த மறுத்தது. குளிக்கும் அறைச் சுவரில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று ஆர்வில் தன் சேமிப்பிலிருந்து, ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் ஹார்லன் யூ போல்ட்டுகளை எடுத்தார். பொருந்தவில்லை. கடையில் புதிதாக வாங்கினார். அதுவும் பொருந்தவில்லை.

“இப்பல்லாம் ஒருத்தனுக்கும் அளவு எடுக்கத் தெரியல,” என்றார்.

“பழசும் சேரல, புதுசும் சேரல. வண்டியையும் ஒரு தடவை சந்தேகப்பட்டுப் பாரேன்,” என்றாள் வெர்னா.

வேறு வழியில்லாமல் ஜாக்கி போட்டு, தாங்கி வைத்து, அடியில் படுத்தார். பின் அச்சுக்குப் பின்னால், வீடு கட்டியவர்கள் நீளம் போதவில்லையென்று சட்டத்தை ஒட்டி நீட்டிய இடத்தில், விரிசல் மேலிருந்து பாதி உயரத்துக்கு இறங்கியிருந்தது. அது அவரைக் கலக்கவில்லை. அவரைக் கலக்கியது குறுக்குச் சட்டம். ஹார்லனில் குறுக்குச் சட்டங்களை ரிவெட் அடித்துத்தான் பிணைப்பார்கள். இங்கே போல்ட் போட்டிருந்தது.

முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய், பல வருடத் தாரையும் சேற்றையும் சுரண்டிவிட்டுக் கம்பி பிரஷால் தேய்த்தார். சட்டத்தில் பொறிக்கும் ஹார்லன் எண்கள் ‘எச்’ என்ற எழுத்தில் தொடங்கும். இது ‘டி’ என்று தொடங்கியது. இன்னும் கொஞ்சம் தேய்த்தார். தேய்த்தால் ‘எச்’ ஆகிவிடும் என்பதுபோலத் தேய்த்தார். ‘டி’ பளபளவென்று ஆனது.

வெளியே வந்து புல்லில் உட்கார்ந்தார். வெர்னா எலுமிச்சைச் சாறு கொண்டு வந்து கொடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு அவருக்கும் தெரிந்தது.

“டெல்மரைக் கூப்பிடட்டுமா?”

டெல்மர் அவள் தம்பி. டிரம்மண்ட் ஆலையில் வெல்டிங் பார்த்தவன். ஒவ்வொரு நன்றித் திருநாள் விருந்திலும் வான்கோழி ஆறிப்போகும்வரை ஆர்விலோடு சண்டை போடுகிறவன்.

“வேற யாரும் இல்லையா?”

“இருக்காங்க. ஆனா வேற யாரும் வெளிய சொல்லாம இருக்க மாட்டாங்க.”

டெல்மர் அரைமணியில் வந்தான். இவ்வளவு வேகமாக அவன் அக்கா வீட்டுக்கு வந்ததே இல்லை. அடியில் நுழைந்தவன் வெகுநேரம் வெளியே வரவில்லை. சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது.

“மச்சான், எவ்வளவு அழகான சட்டம் தெரியுமா இது! நானே பத்த வச்சதாக்கூட இருக்கும். ஸ்டீயரிங் மட்டும்தான் எவனோ மாத்தி மாட்டின ஹார்லன்.”

“வாயை மூடிட்டு விரிசலைப் பாரு.”

“விரிசல் எங்க கம்பெனிச் சட்டத்துல இல்ல. வீடு கட்டினவன் ஒட்டின இடத்துல. அதுவும் தானா விடல. பின்னாடி என்னத்த ஏத்தி வச்சிருக்க?”

டெல்மர் சாமான் அறையைத் திறந்தான். ஹார்லன் இரும்பு மொத்தமும் எண்ணெய்த்துணி சுற்றி, அழகாக அடுக்கியிருந்தது.

“அட பாவி மனுஷா,” என்றான் டெல்மர், இந்த முறை சிரிக்காமல். “இந்த வண்டியில ஒரு நாளும் மாட்ட முடியாத சாமானை ஏத்தி ஏத்தியே வண்டிய ஒடச்சிருக்க.”

இருவருமாக இரும்பை இறக்கினார்கள். பின்பக்கத்தை ஜாக்கியில் மெதுவாகத் தூக்கிச் சட்டத்தை நேராக்கினார்கள். விரிசல் மேற்கொண்டு ஓடாமலிருக்க அதன் நுனியில் ஒரு துளை போட்டான் டெல்மர். பிறகு விரிசலைப் பள்ளமாகக் கடைந்து, பற்றவைத்து நிரப்பி, தேய்த்துச் சமமாக்கினான். உட்புறம் வைக்கும் இரும்புத் தகட்டின் முனைகளை நேராக வெட்டப் போனவனை ஆர்வில் தடுத்தார்.

“சரிவா வெட்டு. நேரா வெட்டினா பாரம் ஒரே கோட்டுல விழும். அங்கேயே மறுபடி விடும்.”

“தெரியும்யா. உனக்குத் தெரியுதான்னு பாத்தேன்.”

“மேல் விளிம்புல துளை போடாத.”

“அதுவும் தெரியும்.”

ஆர்வில் அளந்தார், டெல்மர் பற்றவைத்தான். நாள் கணக்காக வேலை நடந்தது. எப்போதும்போல் திட்டிக்கொண்டார்கள், ஆனால் வெர்னா கொண்டுவந்த சோளமும் பன்றித்தொடைக் கறி வைத்த ரொட்டியும் இந்த முறை சூடாகவே சாப்பிடப்பட்டன. கடைசியில் ஆர்வில் ஒரு டப்பா கறுப்புத் தாரை எடுத்துப்போய் அந்த எண்ணின் மேல் கனமாகப் பூசினார். டெல்மர் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அது ஆர்விலுக்குக் கேலியைவிட அதிகமாக வலித்தது.

கூட்டத்தன்று திடல் நிறைய வண்டிகள். வழக்கம்போல் ஒவ்வொரு வண்டியையும் அடியில் பார்த்து மதிப்பெண் போட வந்தாள் செயலாளர் பெர்னிஸ் ஓடகார்ட். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள், எதற்கும் அசராதவள். ஆர்விலின் வண்டிக்கு அடியில் போனவள் முன்சக்கரப் பக்கம் கொஞ்சம் தாமதித்தாள். அவள் வெளியே வந்து பாவாடையில் கை துடைத்தாள்.

“தார் இன்னும் காயலையே, தலைவரே.”

“பெர்னிஸ், அது வந்து…”

“அடுத்த தடவை கருப்பு பெயின்ட் அடிச்சு அதுமேல தார் பூசுங்க. நாங்கெல்லாம் அப்படித்தான் பண்றோம்.”

“நாங்கன்னா?”

அவள் திடலை ஒரு பார்வை பார்த்தாள். “அதோ அந்த மூலையில நிக்கற மார்வினைத் தவிர எல்லாரும்னு வச்சுக்கங்க. இவ்வளவு நீளத்துக்கு ஹார்லன் சேஸிஸ் பண்ணினதே கொஞ்சம்தான். உங்களுக்குத் தெரியாதா?”

“யாருமே எங்கிட்ட சொல்லலையே.”

“நீங்க அவ்வளவு ஆசையாப் பேசறப்ப எப்படிச் சொல்றது?” என்றாள் பெர்னிஸ் மெல்ல. “உங்களுதாவது நெஜமான ஹார்லன்னு நெனச்சிருந்தோம்.”

அவர் அங்கேயே நின்றார். வண்டி ஏமாற்றியதை அவரால் தாங்க முடிந்தது. இத்தனை பேர் இத்தனை வருஷமாகத் தன் மேல் இரக்கப்பட்டு, தன் பேச்சுக்கு வெயிலில் நின்று கைதட்டியிருக்கிறார்கள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

மாலையில் மேடைக்குக் கூப்பிட்டார்கள். விதியை மாற்றலாமா, எல்லாவற்றையும் போட்டு உடைக்கலாமா என்று படியேறும்வரை யோசித்தார். ஒலிபெருக்கி முன்னால் நின்றதும் வாய் தானாக, “ஹார்லன் இரும்பு மாதிரி வேற இரும்பு உண்டா?” என்று ஆரம்பித்தது. கூட்டம் ஆரவாரித்தது. எல்லாக் கரங்களும் தட்டின. கடைசி வரிசையில், அழைக்காமல் வந்திருந்த டெல்மர் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தான். அடுத்த ஆண்டுக்கும் அவரையே தலைவராக்கினார்கள். எதிர்த்து நிற்க ஆளில்லை.

கூட்டம் கலைந்த பிறகு டெல்மரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்:

“டெல்மர், டிரம்மண்ட் பிரேக் டிரம் இப்ப எங்க கிடைக்கும்?”

“எத்தனை வேணும்?”

“மாட்டறதுக்கு மட்டும்,” என்றார் ஆர்வில்.